ஸ்ரீ சுமங்கலி சீர்வரிசை விற்பனைக்கு

இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் அம்மா. அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும். காலையிலிருந்து மூன்று பேர் சாய்ந்துவிட்டார்கள்.

உங்கள் டோக்கன் எத்தனை? நாற்பத்தொன்றா? அப்படியானால் அவசரமே இல்லை. பத்திரப்பதிவு அதிகாரி இப்போதுதான் சாப்பிட எழுந்து போனார். இரண்டரைக்கு வருவாராம். எனக்குப் பதினெட்டு. பதினெட்டைப் பதினொன்றரைக்கே கூப்பிட்டாயிற்று. உள்ளே போனேன். நாற்காலி போட்டார்கள். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். ஒரு பதில் சொன்னேன். பத்திரத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள், அதற்குள் யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். யோசிக்க என்ன இருக்கிறது? வாய் தவறிவிட்டது. அவ்வளவுதான்.

இதற்குள் நான்கு தரம் பாத்ரூம் போய்விட்டு வந்துவிட்டேன். சர்க்கரை இல்லை எனக்கு. பயம்.

நாளைக்கு மார்கழி பிறக்கிறது. இன்றைக்கு நடக்காவிட்டால் இனி தைதான். தை முகூர்த்தத்துக்குக் கடை வேண்டும் என்றுதான் பிரதீபா என்கிற பெண் என் கடையை வாங்குகிறாள். இது இழுத்துக்கொண்டு போனால் திண்டுக்கல்லிலேயே ஒரு கடை பார்த்துவைத்திருக்கிறாளாம், அதற்குப் போய்விடுவாள். அதில் தவறும் சொல்ல முடியாது. நான் என்ன செய்வேன்? இரண்டு முட்டியும் போய்விட்டது. தரையில் உட்கார்ந்து தட்டுக் கட்ட முடியவில்லை. கோயம்புத்தூரில் தங்கை வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக வைத்திருக்கிறாள். எத்தனை நாள் வைத்திருப்பாள்?

என்ன கடை என்றா கேட்கிறீர்கள்? பஜாரில் ஸ்ரீ சுமங்கலி சீர்வரிசை. நீங்கள் கரூர் என்றால் தெரிந்திருக்காது. வத்தலக்குண்டைச் சுற்றி எந்தக் கிராமத்தில் கல்யாணம் என்றாலும் சீர்த்தட்டு என் கடையிலிருந்துதான் போகும். பழத்தட்டு, கூரைப்புடவைத் தட்டு, தாலித்தட்டு, தேங்காய்க்கு முத்து ஒட்டுவது, வளைகாப்புத் தட்டு, எல்லாம். பேர் வைத்தது என் வீட்டுக்காரர். அவர் பேர் வீரணன். இந்தப் பேரைப் பார்த்தாலே ராசியாக இருக்கும், ஜனங்கள் வருவார்கள் என்றார். வந்தார்கள்.

கடையை விற்பது என்றால் கொடுத்துவிட்டு வருவது இல்லை, தெரியுமா? பிரதீபா படித்தவள். கல்யாண மண்டபங்களில் மேடை அலங்காரம் செய்கிறாள். ஆறு மாதமாக என்னை உலுக்கி எடுத்துவிட்டாள். தாம்பாளங்களை எண்ணி எழுது, உடைந்ததைத் தனியாக வை, பூ எங்கே வாங்குகிறாய், பொம்மை எங்கே வாங்குகிறாய், எந்த மண்டபத்து மேனேஜர் ஆர்டர் அனுப்புவார், எல்லாம் சொல் என்றாள். பத்திரம் முடிந்த பிறகும் ஒரு மாதம் நான் கூட உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் இனி இந்தப் பெண்தான் என்று சொல்லிக் காட்ட வேண்டுமாம். நான் எட்டாவதோடு நின்றவள். என் தலைக்குள் இருந்ததைத் தவிர வேறு கணக்கே கிடையாது. அதையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? தோலை உரித்த மாதிரி இருந்தது. இருந்தும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றைத் தவிர.

உங்களிடம் சொல்வதற்கென்ன. கரூரில் இருக்கிறீர்கள், நாளைக்கு என்னைப் பார்க்கப் போவதில்லை. என் வீட்டுக்காரர் இல்லை. பதினோரு வருஷமாக இல்லை.

நெற்றியைப் பார்க்காதீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கடை போட்ட புதிதில் அது இரண்டு பேருக்குச் சோறு போடவில்லை. அதனால் அவர் ராய்ப்பூருக்குப் போனார். எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் வடக்கே முறுக்குக் கம்பெனி வைத்திருக்கிறார்கள். அங்கே மாவு பிசைகிற வேலை. மூன்று வருஷம் போனார், வந்தார். மூன்றாம் வருஷம் ஆவணியில், நாளைக்கு முகூர்த்தம், ஒன்பது கல்யாணத்துக்குத் தட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறேன், சாயங்காலம் நான்கு மணிக்குப் போன் வருகிறது. நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள்ளேயாம். நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது? சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

லோகமணி எதிரே உட்கார்ந்து தேங்காய்க்கு முத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னிடம் வேலை பார்த்தவள். அவளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். அவள் செய்ததைச் சொன்னால் நீங்களே ஆடிப்போவீர்கள். போனில் யாரு என்று கேட்டாள். பூக்கடைக்காரர், நாளைக்குப் பூ வரத் தாமதமாகும் என்கிறார் என்றேன். அவள் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தாள். என் மடியில் தாலித்தட்டு இருந்தது. மஞ்சள் முடிச்சை வைக்க வேண்டியதுதான் பாக்கி. கல்யாண வீட்டார் அதை என் கையால்தான் வைக்கச் சொல்வார்கள். கடைப் பேருக்கு ஏற்ற கைராசி என்பார்கள். நான் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை வைக்கலாமா, கூடாதா? கை வலிக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் லோகமணியே எழுந்து வந்து தட்டை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"இத நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க பழத்தட்டப் பாருங்க."

நல்லவேளை என்று நினைத்தேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கி அவள். அன்றைக்கு அதுவே உதவியாகப் போயிற்று.

ஒன்பது தட்டு வரிசையும் போய்ச் சேர்ந்த பிறகுதான் ரயில் ஏறினேன். அவருக்குக் காய்ச்சல், பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஜாரில் சொன்னேன். அங்கே காரியமெல்லாம் அந்தக் கம்பெனி ஆட்களே செய்தார்கள். நான் நின்று பார்த்தேன். ஒரு அம்மாள் என் கழுத்தில் கையை வைத்தாள். ஊரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று தடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது ரயிலிலேயே போன். ஐப்பசியில் பெண்ணுக்குக் கல்யாணம், தட்டு நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று ஒரு பெண்வீட்டார். சரி, இந்த ஆர்டர் முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் கார்த்திகை வந்தது. சரி, இது முடியட்டும். அப்புறம் தை. தையில் எப்படிச் சொல்வது? தையில்தான் தொழிலே இருக்கிறது.

நீங்களே சொல்லுங்கள், எந்த மாதம் சொல்லியிருக்க வேண்டும்?

நான் யாரையும் ஏமாற்றவில்லை. அதை மட்டும் நம்புங்கள். அன்றிலிருந்து தாலித்தட்டை நான் தொட்டதே கிடையாது. எல்லாம் லோகமணிதான். உள் அறையில் உட்கார்ந்து அவள் முடிச்சு வைப்பாள், நான் தட்டை வெளியே கொண்டுவந்து கொடுப்பேன். அவளுக்குப் புருஷன் இருந்தான், மூட்டை தூக்குகிறவன். அவள் கை வைத்தால் குற்றமில்லை அல்லவா? என் மனசாட்சிக்குத் துரோகம் செய்யாமல் அப்படித்தான் ஏழு வருஷம் நடத்தினேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷனுக்கு மஞ்சள் காமாலை. பதினைந்து நாளில் முடிந்துவிட்டது. நான் போனேன், அழுதேன், மாலை போட்டேன், செலவுக்கும் கொடுத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வாசலில் வந்து நிற்கிறாள். வெறும் நெற்றி. உள்ளே பெண்வீட்டுக்காரர்கள் தட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எப்படி இருக்கும்? வெளியே வந்து அவளை ஓரமாக அழைத்துப்போய்த்தான் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினேன்.

"லோகு, நம்ம தொழில் அப்படி. நீயே யோசிச்சுப் பாரு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.  "நான் யோசிச்சுப் பாத்து ரொம்ப வருசமாச்சுக்கா" என்றாள். போய்விட்டாள்.

என்ன பேச்சு இது? அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஏதோ துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதச் சம்பளமும் ஒரு சேலையும் கொடுத்தனுப்பினேன். வேறு யார் கொடுப்பார்கள்? சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ரோஷம்.

அதற்கப்புறம் தாலித்தட்டுக்கு என்ன செய்தாய் என்று கேட்கிறீர்களா? கல்யாண வீட்டாரையே வைக்கச் சொன்னேன். உங்கள் வீட்டுச் சுமங்கலி கையால் வைத்தால்தான் விசேஷம் என்றேன். அவர்களுக்கு ரொம்ப சந்தோஷம். படமெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். ஆமாம், அதை முதலிலேயே செய்திருக்கலாம்தான். அப்போது தோன்றவில்லை.

சரி, விற்கிற கதைக்கு வருகிறேன். கடை, நிலம், கட்டடம் எல்லாம் அவர் பேரில். பிரதீபா விலையெல்லாம் பேசி முடித்துவிட்டு, அண்ணன் எப்போது வந்து கையெழுத்துப் போடுவார் என்று கேட்டாள். தீபாவளிக்கு வருவார் என்றேன். தீபாவளி வந்தது. லீவு கிடைக்கவில்லை என்றேன். பத்திரம் எழுதுகிறவர், அங்கிருந்தே உங்களுக்குப் பவர் பத்திரம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்றார். எங்கேயிருந்து அனுப்புவார்? மூன்று நாள் சாப்பிடவில்லை நான். நான்காம் நாள் பித்தளைத் தாம்பாளங்களுக்கு அடியில் கிடந்த, ராய்ப்பூர் முனிசிபாலிட்டியில் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், வாரிசுச் சான்று வாங்க வேண்டும் அம்மா என்றார். அவ்வளவுதான் சொன்னார். நல்ல மனுஷன்.

வாரிசுச் சான்று என்றால் விஏஓ பஜாருக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அது எனக்குத் தெரியாது. வந்துவிட்டார். பக்கத்துக் கடை பெரியகருப்பன் அண்ணன், வெற்றிலைக் கடை வைத்திருக்கிறவர். நேரே அவரிடம் போய், இந்த அம்மாவின் கணவர் வீரணன் என்ன ஆனார் என்று கேட்கிறார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருக்கிறது.

பெரியகருப்பன் அண்ணன் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொல்கிறார்: "ராய்ப்பூர்ல இறந்துட்டாரு சார். பதினோரு வருசமாச்சு. ஆவணி மாசம்."

ஆவணி மாசம்! மாசம்கூடச் சொல்கிறார்!

விஏஓ எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அண்ணனிடம் போனேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருக்குச் சங்கடம். அந்தச் சமயத்திலேயே தெரியும் தனபாக்கியம் என்றார். ராய்ப்பூர் கம்பெனியிலிருந்து வந்த ஒரு பையன் லோகமணி வீட்டுப் பக்கம்தானாம். அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவள் கடை கடையாகப் போயிருக்கிறாள். என்ன சொன்னாளாம் தெரியுமா? அண்ணன் இறந்துட்டாரு, அக்கா சொல்லாம இருக்கு, அது சொல்ற வரைக்கும் யாரும் காட்டிக்காதீங்க, எப்பவும் போல அண்ணன் எப்படி இருக்காருன்னு கேளுங்க, கேக்காம விட்டா அக்காவுக்குத் தெரிஞ்சுபோகும் என்று சொல்லியிருக்கிறாள்.

எப்படி இருக்கிறது பாருங்கள்! நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்? கூடப்பிறந்தவள் மாதிரி வைத்திருந்தேன். என் மானத்தைக் கடை கடையாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அந்தப் பெரியகருப்பன் அண்ணன் இருக்கிறாரே, ஒவ்வொரு பொங்கலுக்கும், வீரணன் வரலையா என்று கேட்பார். லீவு இல்லையாம் அண்ணே என்பேன். வடக்கத்தி முதலாளிகளே அப்படித்தான் என்று அவர்களைத் திட்டுவார். பதினோரு பொங்கல் அம்மா! பாத்திரக்கடை அம்மாள் அவருக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். ராய்ப்பூரில் குளிர் அதிகமாமே, அனுப்பிவிடு என்றாள். நானும் வாங்கிக்கொண்டு, அளவாக இருக்கிறதாம் என்று வந்து சொன்னேன். மனசில் எதையோ வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைப் பேசுவது! எனக்கு அந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே பிடிக்காது.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் தெரியுமா என்று கேட்டேன். பாதிப் பேருக்குத் தெரியும் என்றார்.

"தெரிஞ்சுமா வந்தாங்க?"

"தட்டு நல்லாருந்துச்சு. வந்தாங்க" என்கிறார்.

அதை நான் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார்.

இதற்குமேல் மறைத்து என்ன என்று பிரதீபாவிடமும் காகிதத்தைக் காட்டினேன். விலையைக் குறைப்பாள், ராசி போன கடை என்பாள், வேண்டாம் என்றே சொல்லிவிடுவாள், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். அவள் படித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். அடுத்து ஒன்று சொன்னாள் பாருங்கள். தட்டு வேலை தெரிந்த ஆளாக விசாரித்தேன், எல்லாரும் லோகமணி பேரைத்தான் சொல்கிறார்கள், அவர்களையே கடையில் முன்னால் உட்கார வைக்கப் போகிறேன் என்கிறாள்.

முன்னால்! கல்லாவில்!

நான் சொன்னேன், அம்மா பிரதீபா, உனக்கு வயசு பத்தாது, இந்தத் தொழிலின் நெளிவு சுளிவு தெரியாது, அறுத்துப்போனவளை முன்னால் உட்கார வைத்துச் சீர்த்தட்டு விற்றால் ஒரு ஈ காக்கை வராது, ஆறே மாதத்தில் கடையை மூடிவிடுவாய், வேண்டுமானால் உள் அறையில் வைத்துக்கொள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"ஏன்க்கா, இந்தப் பதினோரு வருசமும் கடை நல்லாத்தானே ஓடுச்சு?"

ஓடியது. ஏன் ஓடாது? நான் அப்படிப் பார்த்துப் பார்த்து நடத்தினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? படித்தவர்களுக்கு இதெல்லாம் எடுத்துச் சொன்னாலும் ஏறாது. அவள் கடை, அவள் பாடு என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் தண்ணீர் குடிக்கிறீர்களா? எனக்குக் கொஞ்சம் கொடுங்கள். தொண்டை வறண்டுபோய்விட்டது. மணி இரண்டாகிவிட்டதா? இரண்டு பத்தா!

இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். பத்திரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, காலஞ்சென்ற வீரணன் மனைவி தனபாக்கியம் என்று. அதிகாரி பொறுமையானவர்தான். ஒவ்வொன்றாகக் கேட்டார். உங்கள் பேர்? சொன்னேன். சம்மதத்தோடுதான் விற்கிறீர்களா? ஆமாம். பிறகு பத்திரத்தைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். மறுபடி பத்திரத்தைப் பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர்?"

"ராய்ப்பூர்ல இருக்காரு சார்" என்றேன்.

நான் சொல்லவில்லை அம்மா, வாய் சொல்லிவிட்டது. பதினோரு வருஷமாக யார் கேட்டாலும் அதே பதில். லீவு கிடைத்தால் வருவார் என்றுகூட வந்திருக்கும், நல்லவேளை, பிரதீபா என் தோளைப் பிடித்துவிட்டாள். அதிகாரி பேனாவை மூடிவிட்டார். இருக்கிற ஆளை இறந்ததாகக் காட்டிச் சொத்தை விற்றால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். பத்திரம் எழுதுகிறவர் சான்றுகளையெல்லாம் எடுத்துக் காட்டினார். காகிதம் இருக்கிறது, ஆனால் இந்த அம்மாவே இருக்கிறார் என்கிறாரே, நான் எதை நம்புவது என்றார். சாட்சிகள் இரண்டு பேரும் பிரதீபா பக்கத்து ஆட்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பெரியகருப்பன் அண்ணன் மகள் பிரசவத்துக்குத் தேனிக்குப் போய்விட்டார். விவரம் நேரடியாகத் தெரிந்த ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டி வாருங்கள், நீங்களும் தெளிவாக வாயால் சொல்லுங்கள், இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, ஒரே வார்த்தை என்றார்.

பஜாரில் மற்றவர்களெல்லாம் லோகமணி சொல்லித்தான் தெரியும் என்பார்கள், வேறு யார் இருக்கிறார்? அவள்தான். பிரதீபா ஆட்டோ பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். பெரியகுளம் ரோட்டில் ஒரு சின்னக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறாளாம் இப்போது. நான்கு வருஷமாக நான் அவளைப் பார்க்கவில்லை. என் கடை, என் முட்டி, என் கோயம்புத்தூர், எல்லாம் அவள் கையில் வந்து நிற்கிறது பாருங்கள்.

இருங்கள், போன் அடிக்கிறது. பிரதீபாதான்.

என்ன சொன்னாள் என்று கேளுங்கள். லோகமணி வருகிறாளாம். ஆனால் வழியில் ஒன்று சொன்னாளாம். நான் வந்து கையெழுத்து மட்டும் போடுவேன், அண்ணன் இறந்ததை அக்காதான் சொல்லணும், அங்கயும் நானே சொன்னா, ஊருக்குச் சொன்ன மாதிரி அதிகாரிக்கும் லோகமணிதான் சொல்லிட்டான்னு அக்கா நாளைக்குப் பேசும் என்றாளாம்.

திமிரைப் பார்த்தீர்களா? நான் எங்கே அப்படியெல்லாம் பேசுகிறேன்?

சிரிக்காதீர்கள். உங்களிடம் நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஒரு உதவி செய்கிறீர்களா? நீங்கள் அதிகாரி மாதிரி என்னைக் கேளுங்கள். ஒரே ஒரு தரம். யாரும் பார்க்கவில்லை. உங்க வீட்டுக்காரர் எங்கேம்மா என்று கேளுங்கள்.

அவர் இல்லைங்க சார்.

இல்லை என்றால்? என்று கேட்பார் அல்லவா? கேட்டுவிடுவார்.  ஊரில் இல்லையா, உயிரோடு இல்லையா என்று. மறுபடி கேளுங்கள்.

அவர் வந்து... பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆவணியில், நெஞ்சுவலி வந்து... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள்ளே...

வரவில்லை அம்மா. அந்த வார்த்தைக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. வேறு யாரைப் பற்றியாவது சொல்லச் சொல்லுங்கள், சொல்வேன். லோகமணி புருஷன் போனபோது நான்தான் நாலு வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கடகடவென்று சொன்னேன்.

உங்களுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று கல்யாணம் ஆகி? அவர் வெளியே ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறாரா? நல்லது. நல்லது.

அதிகாரி வந்துவிட்டார். ஜீப் சத்தம். உதவியாளர் கதவைத் திறக்கிறார் பாருங்கள். முதலில் நிறுத்தி வைத்ததைத்தான் எடுப்பார்கள். பிரதீபா இன்னும் காணோம். 

அதோ, ஆட்டோ. பிரதீபா இறங்குகிறாள். பின்னால் இறங்குகிறாளே, பச்சைச் சேலை, அவள்தான். அவள்தான் லோகமணி. தலை நரைத்துவிட்டதே. நான்கு வருஷத்தில் இவ்வளவா? பொட்டு வைத்திருக்கிறாள்! பாருங்கள், சின்னதாக ஸ்டிக்கர் பொட்டு. அந்தப் பிள்ளைகள் ஒட்டிவிட்டிருக்கும். இல்லை, இவளேதான் வைத்திருப்பாள். யாருக்கும் பயப்படாதவள். எப்போதும் அப்படித்தான்.

என்ன இப்படி மெதுவாக நடந்து வருகிறாள்? காலுக்கு என்ன?

வா, லோகு.

என்ன, அப்படியே நிக்கிற? உக்காரு. இவங்க கரூர்க்காரங்க, சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

சாப்பிட்டியா? பிள்ளைகளுக்கு யாரு சோறு ஊட்டுவா நீ வந்துட்டா?

"பதினெட்டு. தனபாக்கியம்."

இருங்க சார். வர்றேன். ஒரே நிமிஷம். முட்டி வலி, எந்திரிக்க முடியல.

லோகு, கையக் குடு. பலமாப் பிடி. இரு, உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும். பூக்கடைக்காரரு போன் இல்லடி அது. என்னைப் பாரு. உங்க அண்ணன் இறந்துட்டாருடி.

இறந்துட்டாரு.

என்னடி இது, இத்தனை பேரு முன்னாடி? உனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. இப்ப எதுக்கு அழற?